வெள்ளை விட்ட இடம்

கடலின் படத்தில் கடலுக்கு நீலம் பூசக் கூடாது என்பதுதான் ராஜாராம் சார் எனக்குச் சொன்ன முதல் விதி. பள்ளிக்கூட அட்லஸில் கடலைத் தவிர வேறெதற்கும் நீலம் பார்த்திராத எனக்கு அது பிடிபடச் சில நாள் ஆயிற்று.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில் எங்கள் ஆய்வு நிலையம் இருந்தது. வாடகைக் கட்டடம். இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா. ராஜாராம் சார் பொறுப்பதிகாரி. நான் தற்காலிகப் படவரைவாளர். அது 1976ஆம் வருஷம். பகலில் அங்கே வேலை, சாயங்காலம் செங்கல்பட்டில் படவரைவு வகுப்பு. அந்தச் சான்றிதழ் வந்தால்தான் ‘தற்காலிக’ என்ற சொல் என் பெயரை விட்டுப் போகும்.

சார் கேட்டது வெறும் வெப்பப் படம் அல்ல.

“மே மாசம் கடல் சுடும், மார்கழியில குளிரும். அது எல்லாருக்கும் தெரியும், வச்சலா. அதுக்குப் படம் வேண்டாம். இந்த ஆகஸ்ட்டு, எப்பவும் வர்ற ஆகஸ்ட்டு மாதிரி இருக்கா இல்லையா? எனக்கு அதுதான் வேணும்” என்றார்.

தாளில் கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்தேன். அளந்த கட்டம் ஒவ்வொன்றுக்கும் பல வருஷத்து ஆகஸ்ட் சராசரி ஒன்று இருந்தது. இந்த வருஷத்து அளவை அதனோடு ஒப்பிட வேண்டும். வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் சிவப்பு, குளிர்ந்திருந்தால் நீலம், வழக்கம் போலவே இருந்தால் வெள்ளை. வித்தியாசம் கூடக்கூட நிறமும் அடர்த்தியாகும். சிவப்பு என்றால் சூடு என்று அர்த்தமில்லை, வழக்கத்தைவிடச் சூடு என்று அர்த்தம். இதை என் நாட்குறிப்பில் எழுதி வைத்து, மறுநாள் படித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று திரும்பவும் சாரிடம் போய்க் கேட்டேன். “சரிதான்மா, எத்தனை தடவ கேப்ப?” என்றார்.

கட்டங்கள் நிறம் ஏறியதும் ஒட்டுப் போட்ட துணி மாதிரி முரட்டுத்தனமாகத் தெரிந்தன. வகுப்பில் சுப்புராமன் சார் வளைகோட்டுக்கு மார்க் போடுவார். அதனால் நான் கட்டங்களின் விளிம்புகளை பிரெஞ்சு கர்வ் என்ற வளைவுச் சட்டம் வைத்து வளைத்து இழுத்து, ஒவ்வொரு நிறத்தையும் ஒரு திட்டாகச் சேர்த்தேன். சிவப்புத் திட்டு, நீலத் திட்டு, நடுவில் மாங்காய் வடிவில் பெரிய வெள்ளைத் திட்டு ஒன்று. என் கைக்கு வந்த வேலையிலேயே அழகானது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எங்கோ தப்பிருக்கும் என்று பயந்து எண்களை முழுக்க மறுபடி சரிபார்த்தேன். எண்களில் தப்பில்லை.

படத்தை வராந்தாச் சுவரில் மாட்டி, பக்கத்து மீனவக் குப்பத்து ஆட்களை வந்து பார்க்கச் சொல்லிவிட்டு, சார் மெட்ராஸ் போய்விட்டார். அவர் திரும்பியதும் தாள் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதனால் ஓரத்து நிறக்குறிப்பெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அதன் நகலைத்தான் நான் வகுப்பின் இறுதிப் படமாகவும் கொடுப்பதாக இருந்தேன். சுப்புராமன் சாரின் விதி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: “படத்துக்குப் பக்கத்துல நின்னு நீ பேசினா அது படம் இல்ல, பொம்மலாட்டம். பார்க்கிறவன் தானா புரிஞ்சுக்கணும்.” ஆகவே ஆட்கள் வரும்போது வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன்.

மாயவன் அண்ணனும் அவருடைய கட்டுமரத்தில் உடன்போகும் சடையனும் வந்தார்கள். சடையன் எட்ட நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

“இன்னா மச்சான், கடலுக்குத் தேர்த்துணி சுத்திக்கீறாங்க?”

“செவப்பு இன்னாத்துக்குன்றேன்” என்றார் மாயவன். “தண்ணி கொதிக்குதா?”

“கொதிச்சா நல்லதாப்போச்சு. மீன கொழம்பாவே அள்ளிகினு வந்துடலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மாயவன் சிரிக்கவில்லை. படத்தின் முன்னால் குந்தி, கரையோரமாக விரலை நகர்த்திக்கொண்டே போனார்.

“சிரிச்சிகினு இரு. திங்கக்கெழம காசிமேட்டுக்கு பஸ் ஏறுனா தெரியும்.”

அது குப்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. அந்தப் பருவத்தில் கவலை என்கிற சின்ன மீன் வரவில்லை. வலைகள் காய்ந்தபடி மணலில் கிடந்தன. காசிமேட்டு விசைப்படகுகளில் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். மாயவன் தன் கட்டுமரத்தைக் கரையில் ஏற்றிவிட்டு அங்கே போவதா, இங்கேயே இன்னும் பார்ப்பதா என்று இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கன்னியம்மாவுக்கு அவர் போவதில் துளியும் சம்மதமில்லை. அடுத்தவன் படகில் ஏறினவர் தன் மரத்தை மறுபடி கடலில் தள்ள மாட்டார் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாயவனின் விரல் வெள்ளைத் திட்டில் போய் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, இது பாரு?”

பார்க்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். பார்த்தேன். நான் வளைத்த கோட்டின் மேல் அவருடைய கறுத்த விரல் இருந்தது. அந்த வளைவை அவர் ரசிக்கிறார் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அவரும் சடையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரு வெரக்கட எத்தினி மைலு?”

அளவுகோல் படத்திலேயே இருக்கிறது, அதைக் காட்டினால் பேசியதாகாது என்று சமாதானம் செய்துகொண்டு காட்டினேன். அவர் கலங்கரை விளக்கத்துக்கு ஒரு விரலும் திருக்கழுக்குன்றம் மலைக்கு ஒரு விரலும் வைத்து, இரண்டையும் சேர்த்துக் கடலுக்குள் கோடு இழுப்பது போல் கையை நீட்டினார். இவ்வளவு கவனமாக யாரும் என் படத்தைப் பார்த்ததில்லை. அன்று நாட்குறிப்பில், ‘ஒரு வார்த்தை பேசவில்லை. புரிந்துகொண்டார்கள்’ என்று எழுதினேன். சந்தேகம் தொலையாமல் அடியில் ‘என்று நினைக்கிறேன்’ என்று சேர்த்தேன்.

இரண்டு நாள் கழித்து, வெயில் உச்சிக்கு வந்த நேரம், கன்னியம்மா வராந்தாவில் வந்து நின்றாள். இடுப்பில் காலிக் கூடை.

“ஏ பொண்ணு, பாரு கீதுன்னு நீதான சொன்ன?”

“எதப் பாக்கச் சொன்னேன்க்கா?”

“பாக்கச் சொல்லல. பாரு. பாரு கீதுன்னு சொன்னியாமே. மரம்லாம் கரைக்கு வந்துடுச்சு. எங்கூட்டுக்காரு மரம் மட்டும் வரல. கேட்டா, கவருமெண்டு படத்துல புதுப் பாரு போட்டுக்கீறாங்க, அங்க பூட்டாருன்றாங்க.”

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தாள்.

“நெல்லு வெளயற ஊரு பொண்ணு நீ. ஒனக்கு இன்னா தெரியும். பாருன்னா கடலுக்குள்ள கீற கல்லு. அதச் சுத்தி மீனு மேயும். அது கெடச்சா தூண்டி போட்டே பொழச்சிக்கலாம்.”

நான் தலையாட்டியது நினைவுக்கு வந்தது. மாயவன் என்னைப் பார்க்கச் சொல்லவில்லை. என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்.

“அக்கா, அது பார் இல்ல. வெள்ளைன்னா அங்க தண்ணி எப்பவும் போல இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

“அப்ப கல்லு இல்ல?”

“இல்லக்கா.”

அவள் சுவரில் சாய்ந்தாள். பிறகு கொஞ்சம் தெளிந்தாள். “சரி. மீனு இல்லாட்டி போவுது. எப்பவும் போல கீற தண்ணின்னியே, அதுபோதும். வந்துடுவாரு.”

வெப்பம் வழக்கம் போல் இருந்தால் நீரோட்டமும் காற்றும் வழக்கம் போல் இருக்கும் என்று அர்த்தமில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்று நிற்கும்போது என் புத்தி அதன் பழக்கப்படி சரிபார்க்கச் சொன்னது. உள்ளே போய் எண்கள் இருந்த தாளை எடுத்து, வெள்ளைத் திட்டு விழும் கட்டங்களைத் தேடினேன்.

கரையோரக் கட்டங்களுக்கு எங்கள் நிலையத்துப் படகு வாளியில் நீர் மொண்டு தெர்மாமீட்டர் வைத்து அளந்த எண்கள் இருந்தன. வெகு தொலைவிலுள்ள கட்டங்களுக்கு அந்த வழியே போகும் சரக்குக் கப்பல்கள் அனுப்பிய எண்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே எங்கள் படகு எட்டியதில்லை, கப்பல் வந்ததில்லை. அந்தக் கட்டங்களில் எண்ணே இல்லை. சராசரியும் இல்லை, இந்த வருஷத்து அளவும் இல்லை. எண் இல்லாததால் நான் நிறம் பூசவில்லை. நிறம் பூசாததால் அது வெள்ளை. வித்தியாசம் இல்லாத கடலும் வெள்ளை, யாருமே அளக்காத கடலும் வெள்ளை. இரண்டையும் சேர்த்து அழகாக ஒரே வளைகோட்டுக்குள் மூடியிருந்தேன். எண்களை அத்தனை முறை சரிபார்த்தவள் எண் இல்லாத கட்டங்களை ஒரு முறையும் பார்க்கவில்லை.

வெளியே போய்ச் சொல்லாமல் இருக்கலாம். அவள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். ஆனால் நான் கொடுத்த தெளிவு பொய்.

“அக்கா, இப்ப சொன்னதும் தப்பு. அங்க தண்ணி எப்பிடி இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாரும் அளந்ததில்ல.”

“தெரியாத எடத்த எதுக்கு வரஞ்ச?”

“வரையல. விட்டுட்டேன்.”

“விட்டியா” என்றாள். கூடையை எடுத்துக்கொண்டாள். “நீ விட்ட எடத்துலதான் எங்கூட்டுக்காரு பூந்துகினாரு.”

அவள் மணலில் இறங்கிக் கரைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். தண்ணீர் விளிம்பில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். என்னைக் கண்டதும் கொஞ்சம் விலகி நின்றார்கள். கடற்காற்று எழுந்தது, பாய் எதுவும் தெரியவில்லை. செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நேரமானபோது போவதா நிற்பதா என்று தெரியாமல், நின்றாலும் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பதால், போனேன். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வகுப்பில் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கேட்டேன்: “சார், அளக்காத இடத்தைப் படத்துல எப்படிக் காட்டறது?”

சுப்புராமன் சார் யோசிக்கவே இல்லை. “காலியா விடு. காலியா இருந்தா காலின்னு புரிஞ்சுக்கப் போறான்.”

“அங்க ஏதோ இருக்குன்னு நினைச்சுட்டா?”

“காலி இடத்தைப் பார்த்து ஏதோ இருக்குன்னு நினைக்கிறவனுக்கு நீ படம் வரையலைம்மா.”

வகுப்பு சிரித்தது. மாயவன் அண்ணனுக்குத்தானே வரைந்தேன் என்று சொல்ல நினைத்தேன். அதுவும் முழு உண்மையில்லை. மெட்ராஸுக்கும் மார்க்குக்கும்தான் வரைந்தேன். அவருக்குக் காட்ட மட்டும் செய்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்தேன். தோப்பைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தேன். மாயவனின் கட்டுமரம் கரையேறிக் கிடந்தது. பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. மாயவன் மணலில் கால் நீட்டி உட்கார்ந்து கன்னியம்மா கொடுத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். சடையன் குப்புறக் கிடந்தான். என்னைக் கண்டதும் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“வா தாயி. நீ காட்டுன பாரு பாத்துட்டு வந்தோம். தண்ணியப் பாத்தோம், ஆகாசத்தப் பாத்தோம், திரும்பத் தண்ணியப் பாத்தோம்.”

“பாயி கிழிஞ்சுச்சு, அப்பால காத்தும் வுழுந்துபோச்சு” என்றார் மாயவன். “ராத்திரி முச்சூடும் தொடுப்பு போட்டுகினு வந்தோம்.” துடுப்புப் பிடித்த கைகளைத் திருப்பிக் காட்டவில்லை, மடியில் வைத்திருந்தார். தூண்டில் கயிற்றை எவ்வளவு விட்டும் அடி தட்டவில்லையாம். கல்லும் இல்லை, மணலும் இல்லை.

அவர் முன்னால் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு என்றால் என்ன, நீலம் என்றால் என்ன, வெள்ளையில் நான் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டது, அவர் கேட்டதை நான் தப்பாகக் கேட்டுத் தலையாட்டியது.

“தெரியாதுன்ற ஒரு வார்த்த” என்றார் மாயவன் முடிவில். “அத்த அன்னிக்கே சொல்லிக்கணும் தங்கச்சி.”

“அண்ணே, அங்க தண்ணி எப்பிடி இருந்துச்சு?”

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது. கன்னியம்மா கஞ்சிப் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தாள்.

“பாரு இவள. மன்ஷன் உசுரோட வந்தானான்னு கேக்கல. தண்ணி சுட்டுச்சா, ஆறிச்சான்னு கேக்குது.”

சடையன் மணலில் முகம் புதைத்தபடியே சிரித்தான். மாயவன் மட்டும் கேள்வியை மதித்துப் பதில் சொன்னார்.

“சில்லுனு இருந்துச்சு. கைய வுட்டுகினே குந்திகினு இருந்தேன்.”

நிலையத்துக்கு வந்து படத்தின் முன்னால் நின்றபோது எனக்கு நீலப் பென்சிலை எடுக்க ஆசையாக இருந்தது. மனுஷன் ராத்திரி முழுக்கக் கையை விட்டுப் பார்த்திருக்கிறார், லேசாக ஒரு நீலம் பூசினால் என்ன? ஆனால் நனைந்த உடம்புக்கு ராத்திரியில் எந்தக் கடலும் சில்லென்றுதான் இருக்கும். அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. எதைவிடச் சில்லென்று? அந்த இடத்துக்கு வழக்கம் என்று ஒன்றை யாரும் கண்டதில்லை. வழக்கம் தெரியாத இடத்தில் வித்தியாசமும் தெரியாது. அவர் தெர்மாமீட்டரே கொண்டுபோய் அளந்து வந்திருந்தாலும் அங்கே நான் எந்த நிறத்தையும் பூச முடியாது. பல வருஷம், ஒவ்வொரு ஆகஸ்ட்டும், யாராவது போய் அளக்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது.

புதுத் தாள் எடுத்தேன். வளைகோடுகளை விட்டுவிட்டேன். கட்டம் கட்டமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அப்போதுதான் அது கடலின் வடிவம் அல்ல, எங்கள் கணக்கின் வடிவம் என்று தெரியும். எண் இல்லாத ஒவ்வொரு கட்டத்திலும் சாய்வாகக் கறுப்புக் கோடுகள் இழுத்தேன். இழுக்க இழுக்க நின்றபாடில்லை. கரையோரம் கொஞ்சம், தொலைவில் கப்பல் போகும் பாதையில் கொஞ்சம், மற்றதெல்லாம் சாய்வுக் கோடு. வலை போட்டு மூடியது மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் தமிழில் எழுதினேன்: வெள்ளை, வழக்கம் போல். கோடு, அளக்கவில்லை.

ராஜாராம் சார் மெட்ராஸிலிருந்து வந்து படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இது மெட்ராஸ் போனா இத்தனை வருஷமா என்ன செஞ்சீங்கன்னு கேப்பாங்க, வச்சலா.”

“ஆமாம் சார்.”

“பழசு பார்க்க நல்லா இருந்தது.”

“ஆமாம் சார்.”

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, திரும்பவும் கழற்றினார். அவருக்கும் தன் நிலையத்தைப் பற்றிப் பயம் இருந்திருக்கும். எனக்கு என் வேலையைப் பற்றி இருந்தது. சுப்புராமன் சார் வளைகோடு இல்லாத படத்துக்கு எத்தனை மார்க் போடுவார் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. முடிவில் ராஜாராம் சார் தாளைத் தானே சுருட்டி நூலால் கட்டினார். எந்தத் தாளை என்று நான் பார்த்தேன். புதியதைத்தான். அவர் அதை மெட்ராஸுக்கு அனுப்பினாரா, மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாரா என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவு வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டு பஸ்ஸில் கன்னியம்மா இருந்தாள். திருக்கழுக்குன்றத்துக்குக் கருவாட்டுக் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இடமில்லை. அவள் பக்கத்தில் மட்டும் கூடை உட்கார்ந்திருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பூட்டாரு” என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. “காலைல. சடையனும்தான்.”

மரத்தைக் கரையில் ஏற்றிக் கீற்றுப் போட்டு மூடிவிட்டுக் காசிமேட்டுக்குப் போனார்களாம். அன்று பார் கிடைத்திருந்தால் போயிருக்க மாட்டார். அது கிடைக்காத பிறகு அவரை நிறுத்த அவளிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. அப்படித்தான் அவள் சொன்னாள். அந்தப் படத்தை மாட்டாமலே இருந்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் இழுத்திருப்பாரோ, அதற்குள் கவலை மீன் வந்திருக்குமோ என்று என் மனம் கணக்குப் போட்டது. எனக்கு அதற்கும் எண் இல்லை.

“எப்ப வருவாருக்கா?”

“நானும் அதான் கேட்டேன். முன்னல்லாம் எத்தக் கேட்டாலும் பொங்கலுக்குள்ளன்னுவாரு. ஆத்துக்குப் போனாலும் பொங்கலுக்குள்ள. இன்னிக்கு என் மூஞ்சப் பாத்துகினு, தெரியாது கன்னிம்மான்றாரு.” அவள் என் பக்கம் திரும்பினாள். “நீ கத்துக் குடுத்ததா?”

ஏச்சா, வேறெதுவுமா என்று அவள் குரலிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். கிடைத்ததெல்லாம் ஆறுதலாக இருந்ததே தவிர நிச்சயமாக இல்லை.

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தேன். கன்னியம்மா கூடையைத் தூக்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் இருக்கையை ஒரு தட்டுத் தட்டினாள்.

“குந்து” என்றாள். “கருவாட்டு நாத்தம் அடிக்கும்.”